ஆயுத பூஜைக்குப் பிறகு வைஃபை வரவில்லை

25 அக்டோபர் 2020, ஞாயிறு

ஆயுத பூஜை. அரிவாள்மணைக்கும் கத்தரிக்கோலுக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வைத்தாயிற்று என்றாள் என் மனைவி தமயந்தி. என் லேப்டாப்பையும் கேட்டாள். தர மாட்டேன் என்றேன். கருப்புச் சட்டைக்காரர் வீட்டில் வளர்ந்தவன் நான். அறிவுடைநம்பி என்று எனக்குப் பெயர் வைத்த அப்பா மேலேயிருந்து பார்த்துக் கோபப்படுவார் என்று சொல்லலாம் என்றால், மேலே ஒன்று இருப்பதையே அவர் நம்பியதில்லை.

பூஜையில் வைத்த பொருளை மறுநாள் காலைவரை தொடக்கூடாது என்பாள். லேப்டாப்பைத் தொடாமல் என்னால் ஒரு வேளை இருக்க முடியாது. பிறவியிலிருந்தே எனக்குப் பார்வை கிடையாது. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துவதற்கும், ஆய்வேட்டுக்கும், இந்த டைரிக்கும் அது ஒன்றுதான். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டிருக்கிறேன். திரையில் இருப்பதை ஒரு தகரக் குரல் வாசித்துச் சொல்லும். விஷயம் புரிந்துவிட்டது என்றால் கன்ட்ரோல் விசையைத் தட்டுவேன், அந்த இடத்திலேயே வாயை மூடிக்கொள்ளும். மனிதர்களுக்கும் இப்படி ஒரு விசை வைத்திருக்கலாம்.

விடுமுறைதானே என்று மதியம் லினக்ஸின் புதிய பதிப்பை ஏற்றப் போட்டேன். தமிழை இன்னும் திருத்தமாக வாசிக்கும் என்று நண்பன் ஜெபராஜ் சொல்லியிருந்தான். அது பாட்டுக்கு இறங்கட்டும் என்று விட்டுவிட்டு, சுண்டலும் பொரியும் தின்று தூங்கிப் போனேன். எழுந்து இயக்கிப் பார்த்தால் குரல் நன்றாகத்தான் இருக்கிறது. வைஃபையைக் காணோம்.

நவம்பர் ஆறாம் தேதி எனக்கு வாய்மொழித் தேர்வு. முனைவர் பட்டத்துக்குக் கடைசிப் படி. கொரோனாவால் எல்லாம் பூட்டிக் கிடப்பதால் காணொளியில்தான் நடக்கப் போகிறது. வைஃபை இல்லாமல் நான் அதில் உட்கார வழியில்லை. இருக்கட்டும், இன்னும் நாள் இருக்கிறது. நாளைக்குச் சரியாகிவிடும்.

26 அக்டோபர், திங்கள்

சரியாகவில்லை.

காலையில் மாடிக்குப் போய் வீட்டுக்காரர் ருக்மாங்கதன் சாரிடம் இணைப்பு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டேன். ஊரடங்கு ஆரம்பித்ததிலிருந்து தன் இணைப்பைத்தான் எங்களுக்கும் கொடுத்திருக்கிறார், நல்ல மனிதர். அங்கே ஜம்மென்று வருகிறதாம். "பூஜை அன்னிக்கு அதை நோண்டினா அப்படித்தான் ஆகும் தம்பி" என்று ஒரு போடு போட்டார். நன்றி சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். நன்றி இணைப்புக்கு மட்டும்.

மற்ற வழிகளையும் யோசித்தேன். லேப்டாப்பில் கேபிள் செருகும் துளை, பழசாக வாங்கும்போதே உடைந்திருந்தது. எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே நல்ல போனின் சார்ஜ் துளை லொடலொட. கையால் பிடித்துக்கொண்டிருந்தால்தான் மின்சாரம் ஏறும், விட்டால் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். தேர்வு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். அக்கம்பக்கத்து வீட்டுப் போன்களெல்லாம் காலை நேரத்தில் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பில் இருக்கின்றன. ஆக, லேப்டாப்தான். அதில் வைஃபைதான்.

27 அக்டோபர், செவ்வாய்

ஜெபராஜோடு காலை முழுக்கப் போனில். பார்வையற்றோர் பள்ளியில் என்னோடு படித்தவன். நாகர்கோவிலில் இருக்கிறான். எனக்கு லினக்ஸைப் பழக்கியவன் அவன்தான். அவனுக்கும் பார்வை இல்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டரைப் பழுது பார்ப்பதை யாராவது கேட்டால் சண்டை என்று நினைப்பார்கள்.

புதிய பதிப்பை ஏற்றும்போது வைஃபை அட்டையின் டிரைவர் கழன்று போயிருக்கிறது என்று கண்டுபிடித்தான். அட்டை என்பது லேப்டாப்புக்குள் இருக்கிற ஒரு சின்னத் தகடு. டிரைவர் என்பது அதை வேலை வாங்கத் தெரிந்த நிரல். மேஸ்திரி ஊருக்குப் போய்விட்டால் சித்தாள் சும்மா உட்கார்ந்திருப்பது மாதிரி. டிரைவரை மறுபடி இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். போனை லேப்டாப்பில் கேபிளால் செருகி, போன் வழியாக இழுத்தோம். அந்தத் துளை ஆடாமல் இருக்கத் தமயந்தி பக்கத்தில் உட்கார்ந்து கேபிளைப் பிடித்துக்கொண்டாள். பாதியில், "ஏங்க, நேத்துக் காலையில" என்று ஆரம்பித்தாள். கை ஆடுகிறது, பேசாமல் பிடி என்றேன்.

நடுநடுவே அறுந்து அறுந்து, இப்படி அறுந்தால் தேர்வுக்கு உதவாது என்று தெரிந்த பிறகு, ஒருவழியாக டிரைவர் வந்தது, ஏறியது. லேப்டாப் இப்போது அட்டையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. யாரோ எங்கோ உட்கார்ந்து, சம்பளமில்லாமல் இதை எழுதி உலகத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்த முகம் தெரியாதவர்களுக்குக் கோடி நன்றி. முகம் தெரிந்தாலும் எனக்கு ஒன்றுதான், அது வேறு விஷயம்.

ஆனால் வைஃபை வரவில்லை. அட்டை இருக்கிறது, டிரைவர் இருக்கிறது, சுற்றிலும் ஒரு இணைப்புகூட இல்லை என்கிறது.

28 அக்டோபர், புதன்

மழை. வைஃபை இல்லை. புளிக்குழம்பு.

29 அக்டோபர், வியாழன்

நெறியாளர் வேதநாயகம் சார் கூப்பிட்டார். இந்த ஆய்வு முடிவதற்குள் என்னிடம் எத்தனை பாடுபட்டிருப்பார். பார்வையில்லாத மாணவனை எடுக்கவே மற்றவர்கள் தயங்கியபோது, வா என்று சொன்னவர். இன்று அவர் குரல் கொஞ்சம் கவலையாக இருந்தது. நவம்பர் கடைசியில் ஓய்வு பெறுகிறார். வெளித்தேர்வாளர் மீனலோசனி அம்மாவிடம் இந்த ஒரு தேதியை வாங்குவதற்கே மாதக்கணக்கில் ஆனது. "தேதி தள்ளிப்போச்சுன்னா நான் போயிருப்பேன் நம்பி. புது நெறியாளர், புதுக் கமிட்டின்னு மறுபடி முதல்லேருந்து வரும். எப்படியாவது ஆறாம் தேதி வந்து உட்கார்ந்துடுங்க" என்றார். வந்துவிடுகிறேன் என்றேன். எப்படி என்று சொல்லவில்லை.

ஜெபராஜ் புதிதாக ஒரு கட்டளையைத் தரச் சொன்னான். சில சமயம் அட்டையை மென்பொருளே தடுத்து வைத்திருக்குமாம். தட்டினேன். தகரக் குரல் வாசித்தது: மென் தடை, இல்லை. விசையைத் தட்டி நிறுத்திவிட்டு, இல்லையாம்டா என்றேன். "அப்ப அது இல்ல மக்கா. வேற சோலி" என்றான். வேறு என்ன சோலி என்று சாயங்காலம்வரை தேடினோம்.

கொல்லையில் துணி எடுத்துக்கொண்டே தமயந்தி, லேப்டாப்பில் தண்ணீர் பட்டால் வைஃபை போகுமா என்று கேட்டாள். இது டிரைவர் பிரச்சினை, தண்ணீருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று டிரைவர் பற்றி அவளுக்கு ஒரு சின்ன வகுப்பே எடுத்தேன். சரிங்க என்றாள்.

31 அக்டோபர், சனி

சிலிண்டர் வந்தது. முந்தாநாள் முழுக்க, நேற்று முழுக்க, இன்று முழுக்க லேப்டாப். பழைய பதிப்பையே மறுபடி ஏற்றினேன். அதிலும் இல்லை. அப்படியானால் புதிய பதிப்பின் குற்றமில்லை என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. டிரைவரை நீக்கினேன், ஏற்றினேன், நீக்கினேன், ஏற்றினேன். ஒவ்வொரு முறையும் தமயந்தி கேபிளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் விரல் மரத்துப் போய்விட்டது என்று கையை உதறுகிற சத்தத்தில் தெரிந்தது.

மதியம் எரிச்சலில் மேஜையைக் குத்தினேன். டம்ளர் உருண்டது. "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்குவீங்க" என்றாள். கோபித்துக்கொள்ளக்கூட எனக்கு நேரமில்லை என்றேன். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

என் ஆய்வு கொள்ளிடத்து ஓடத்துறைகளைப் பற்றியது. பாலங்கள் வருவதற்கு முன்னால் யார் ஓடம் விட்டார்கள், யாருக்குத் துறையைக் குத்தகை கொடுத்தார்கள், என்ன தகராறு. அதற்கு வேண்டிய பழைய மனுக்களும் கடிதங்களும் கையெழுத்துப் பிரதிகள். தகரக் குரலுக்கு அது வராது. காப்பகத்திலிருந்து நகல் எடுத்து வருவேன், தமயந்தி வாசிப்பாள். பத்தாவதோடு நின்றவள். நூறு நூற்றைம்பது வருஷத்துக் கையெழுத்து இப்போது அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. மெல்லத்தான் வாசிப்பாள், அதுதான் எனக்குப் பொறுக்காது. இத்தனையும் ஒரு தகட்டால் வீணாகிவிடுமோ என்று இன்று முதல் தடவையாகப் பயம் வந்தது.

1 நவம்பர், ஞாயிறு

அட்டையே செத்திருக்கலாம் என்கிறான் ஜெபராஜ். லேப்டாப்பைத் திறந்து தகட்டைக் கழற்றி மாட்டிப் பார்க்கச் சொல்கிறான். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். லினக்ஸா, அதை அழித்துவிட்டு வேறு போட்டால்தான் தொடுவேன் என்றார். அழித்தால் என் தகரக் குரல் போய்விடும், குறிப்புகள் எல்லாம் போய்விடும். வேண்டாம் என்றேன்.

கடைசியாகத் தமிழில் லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களின் இணையக் குழு ஒன்றில் நடந்ததையெல்லாம் எழுதிப் போட்டேன். கேபிள் பிடித்தது தமயந்தி. அவசரம் என்று முடித்தேன். எல்லாரும் அவசரம் என்றுதான் போடுவார்கள்.

2 நவம்பர், திங்கள்

பதில் வந்திருக்கிறது. அக்கரைப்பற்றிலிருந்து ரிஃபாயா என்று ஒரு பெண். இலங்கையில் உட்கார்ந்துகொண்டு மன்னார்குடி லேப்டாப்பைப் பற்றி யோசிக்கிறார். நீங்கள் தட்டிய கட்டளைக்கு வந்த பதிலில் முதல் வரியை மட்டும் எழுதியிருக்கிறீர்கள், மிச்சத்தையும் போடுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

மிச்சமா? மென் தடை இல்லை என்று சொல்லிவிட்டது. அதற்கு மேல் அது என்ன சொல்லியிருக்கப் போகிறது?

3 நவம்பர், செவ்வாய்

காலையில் அந்தக் கட்டளையை மறுபடி தட்டி, வந்த பதிலை அப்படியே நகலெடுத்துக் குழுவில் ஒட்டினேன். வாசித்துப் பார்க்கவில்லை. குளித்துவிட்டு வருவதற்குள் ரிஃபாயாவின் பதில் வந்திருந்தது:

"சேர், முதல் வரியில் மென் தடை இல்லை. இரண்டாவது வரியில் வன் தடை உண்டு என்று இருக்கு. அப்படியென்றால் மென்பொருளில் ஒன்றும் செய்ய ஏலாது. உங்கட லேப்டாப்பில் வைஃபையை அணைக்கிற சின்னச் சுவிட்ச் எங்கேயோ வெளியில் இருக்கும். அது அணைஞ்சிருக்கு. முன் விளிம்பில் தேடிப் பாருங்கோ. பக்கத்தில் ஒரு லைட்டும் எரியும்."

லைட். ஜெபராஜுக்கும் எனக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. யார் எங்களுக்குச் சொல்வார்கள்?

முன் விளிம்பில், கீழ்ப்பக்கமாக, ஒரு சின்னக் கட்டை உண்டு. எனக்குத் தெரியும். மூடியின் தாழ்ப்பாள் என்று நினைத்து அதை நான் தொட்டதே இல்லை. இன்று தொட்டுப் பார்த்தேன். அசையவில்லை. சுற்றி ஏதோ காய்ந்து பொருக்காக இருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். சந்தனம்.

தமயந்தியைக் கூப்பிட்டேன். வந்து நின்றவள், நான் விரலை நீட்டியதுமே புரிந்துகொண்டாள்.

"எல்லாத்துக்கும் வச்சேங்க. இது ஒண்ணு மட்டும் மொட்டையா இருந்துச்சு. ஆறாம் தேதி உங்களுக்குப் பரீட்சை. நீங்க தூங்குறப்ப வச்சுட்டேன். மேல வச்சா உங்க கையில பட்டுடும், தெரிஞ்சுடும். அதான் கை போகாத இடமாப் பாத்து அடியில வச்சேன். மறுநாள் காலையில ஈரத்துணியால துடைச்சப்ப என்னமோ டக்குன்னு நகந்துச்சு. அன்னியிலேருந்து சொல்ல வர்றேன். எங்க சொல்ல விட்டீங்க?"

கோபம் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. என் கை எங்கே போகும், எங்கே போகாது என்பது இந்த உலகத்தில் இவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த அறிவையெல்லாம் திரட்டிக்கொண்டு, வைக்கக் கூடாத இடமாகத் தேடிப் பிடித்துப் பொட்டு வைத்திருக்கிறாள். சிரிப்புதான் வந்தது. அவளும் சிரித்தாள், கொஞ்சம் அழுத மாதிரியும் இருந்தது.

தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, தேங்காய் எண்ணெய் தொட்டு, அந்தச் சந்தில் இருந்த சந்தனத்தைக் கிளறி எடுத்தாள். கட்டையைத் தள்ளினாள். "ஏங்க, மஞ்சளா எரிஞ்சிட்டிருந்துச்சு, இப்ப நீலமா மாறிடுச்சு" என்றாள். அதே நேரத்தில் தகரக் குரல், இணைப்பு கிடைத்தது என்றது. மாடி வீட்டு வைஃபை, முழு வலிமையில்.

அந்த மஞ்சள் விளக்கு எத்தனை நாளாக எரிகிறது என்று கேட்டேன். துடைத்த அன்றிலிருந்து என்றாள்.

4 நவம்பர், புதன்

நன்றி சொல்லும் நாள். ரிஃபாயாவுக்கு நீளமாக எழுதினேன். இதற்கெல்லாம் எதற்கு சேர், தேர்வு முடிந்ததும் ஒரு வரி போடுங்கோ என்று பதில் வந்தது. அவர் முகவரி இருந்தால் மன்னார்குடியிலிருந்து அதிரசம் அனுப்புவேன். ஜெபராஜுக்குப் போன் செய்து சொன்னேன். "லேய், ரெண்டாவது வரிய ஏம்ல வாசிக்கல?" என்று ஆரம்பித்து, சந்தனம் வந்த இடத்தில் இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தான். ருக்மாங்கதன் சாருக்குச் சொன்னபோது அவர் ரொம்பவும் மரியாதையாக எதுவும் சொல்லாமல் இருந்தார். வேதநாயகம் சாரைக் கூப்பிட்டுக் குரல் தெளிவாகக் கேட்கிறதா என்று ஒத்திகை பார்த்தோம். அவர் கவலை தீர்ந்தது.

டிரைவர் எழுதிய மகராசர்களுக்கும் இன்னொரு முறை நன்றி. அவர்களை ஒரு வாரமாக நான் திட்டியதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். யாரையும் விடவில்லை என்று நினைக்கிறேன்.

5 நவம்பர், வியாழன்

சட்டைக்கு இஸ்திரி போட்டாயிற்று. ஆறு அத்தியாயத்தையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். தமயந்தி, தானும் பக்கத்தில் உட்காரலாமா என்று கேட்டாள். பொது வாய்மொழித் தேர்வுதானே, யாரும் உட்காரலாம் என்றேன்.

6 நவம்பர், வெள்ளி

எங்கே ஆரம்பிப்பது?

பத்தரைக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். வேதநாயகம் சார், மீனலோசனி அம்மா, துறைத் தலைவர், ஆய்வு மாணவர்கள், நாகர்கோவிலிலிருந்து ஜெபராஜ். இணைப்பு ஒரு நொடிகூட அறுந்து போகவில்லை. தமயந்தி என் முகம் கேமராவுக்கு நேராக இருக்கும்படி நாற்காலியை நகர்த்தி வைத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்தாள்.

நான் பேசினேன். மீனலோசனி அம்மா கேள்வி கேட்டார். கடினமான கேள்விகள்தான், ஆனால் குழி பறிக்கிற கேள்விகள் இல்லை. மூன்றாம் அத்தியாயத்தில் என் கணக்கு ஒன்றை விடாமல் துருவினார். பதில் சொன்னேன். நன்று என்றார். அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று அவருக்குத் தெரியாது.

கடைசியில் வழக்கப்படி வேதநாயகம் சார், அவையில் யாரேனும் கேள்வி கேட்கலாம் என்றார். இது ஒரு சடங்கு. யாராவது இரண்டு மாணவர்கள் முன்பே பேசி வைத்தபடி கேட்பார்கள், அவர்கள் பெயரும் பதவியும் தேர்வுக் குறிப்பில் ஏறும். அப்படி இரண்டு பேர் கேட்டார்கள். வேறு யாரேனும் என்றார் சார், முடித்துவிடும் குரலில்.

"நான் ஒண்ணு கேக்கலாமாங்க?"

எனக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பி, பேசாதே என்று சொல்ல வாயெடுத்தேன். என்னவோ, சொல்லவில்லை. யார் பேசுவது என்று மீனலோசனி அம்மா கேட்டார். என் மனைவி என்றேன். கேட்கட்டுமே என்றார்.

தமயந்தி நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மனு வாசிக்கும் அதே மெதுவான குரல்.

"அஞ்சாம் அத்தியாயத்துல வெள்ளையம்மான்னு ஒருத்தங்க மனு வருதுங்க. புருஷன் ஆத்துல போயிட்டாரு, துறையை என் பேருக்குக் கொடுங்கன்னு கேட்டவங்க. உங்க ஆய்வுல துறையோட பேரும் வருஷமும் மட்டும்தான் இருக்கு. அதுக்கப்புறம் அந்த மனு இன்னும் ஒரு பக்கம் போவுது. பொம்பளைக்கு ஓடம் விடத் தெரியாதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க போல. அதுக்கு அந்தம்மா எழுதியிருக்காங்க. குத்தகை எம் புருஷன் பேருலதான் இருந்துச்சு, ஆனா அவரு இருந்த நாள்லயும் துடுப்புப் போட்டது நான்தான், அக்கரையில இறங்குன ஜனங்களைக் கேட்டுப் பாருங்கன்னு. அவங்களுக்குத் துறை கெடச்சுதாங்க?"

அவள் முடித்ததும் இணைப்பு போய்விட்டதோ என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

அந்த மனு எனக்கு நினைவிருக்கிறது. அவள் முதல் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது துறையும் வருஷமும் கிடைத்துவிட்டன. போதும், அடுத்ததை எடு என்றேன். அடுத்ததை எடுத்தாள். மிச்சத்தை எப்போது வாசித்தாளோ, எனக்குத் தெரியாது. சமையல் ஆன பிறகு வாசித்திருப்பாள், தனக்காக.

"தெரியாது" என்றேன். "அந்த மனுவுக்குப் பதில் என்ன வந்ததுன்னு நான் தேடலை. அந்தப் பக்கத்தையே இப்பத்தான் கேக்குறேன்."

தேர்வில் இப்படிப் பதில் சொல்லக்கூடாது. வேதநாயகம் சார் தொண்டையைச் செருமினார். மீனலோசனி அம்மா பேசினார். இந்த ஆய்வேட்டில் ஓடம் விட்டவர்கள் எல்லாரும் ஆண்களாகவே இருக்கிறார்களே என்று படிக்கும்போது தனக்கும் தோன்றியது, ஆனால் எந்த இடத்தில் கை வைத்துக் கேட்பது என்று தெரியாமல் இருந்தது என்றார். நூலாக்கும்போது அந்த மனுவை முழுவதுமாகச் சேர்க்க வேண்டும், பதிலைத் தேட வேண்டும் என்று பரிந்துரையில் எழுதச் சொன்னார். பிறகு, பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்றார். கைதட்டினார்கள். ஜெபராஜ் விசில் அடித்தான், துறைத் தலைவர் இருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை.

வேதநாயகம் சார் குறிப்பை முடிக்க வேண்டியிருந்தது. "கேள்வி கேட்டவங்க பெயர்?"

"தமயந்திங்க ஐயா."

"பதவி?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. வீட்லதான் இருக்கேன்."

 அந்த இடத்தைக் காலியாக விட முடியாது. குடும்பத்தார் என்று போட்டுக்கொள்கிறேன் என்றார்.

"இல்லீங்க சார்" என்றேன்.  "துடுப்புப் போட்டவங்கன்னு எழுதுங்க."

சார் அதை எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. தமயந்தி என் தோளில் கை வைத்தாள், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேர் முன்னாலும் நன்றி சொன்னேன். கல்யாணமானதிலிருந்து அவளிடம் நான் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

எல்லாரும் போன பிறகு அந்த மனுவை எடுத்து வரச் சொன்னேன். கத்தரிக்காய் நறுக்க வேண்டும், அப்புறம் வாசிக்கிறேன் என்றாள். காத்துக்கொண்டிருக்கிறேன்.